பகிர்வை நிறுத்திய பங்குதாரர்: எட்டு ஆண்டுப் பாடக்குறிப்புகள் யாருக்குச் சொந்தம்?

ஒரு வாசகியின் நீண்ட கடிதத்தை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன். கொங்குப் பகுதி நகரம் ஒன்றில் வசிக்கும் அவர் கணித ஆசிரியை. முன்பு ஒரே தனியார் பள்ளியில் உடன் பணியாற்றிய இயற்பியல் ஆசிரியருடன் சேர்ந்து 2018-இல் ஒரு டியூஷன் சென்டரைத் தொடங்கினார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வாடகையும் மின்கட்டணமும் போக மீதியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்று வாய்மொழியாகப் பேசி முடித்திருக்கிறார்கள்.

பாடக்குறிப்புகள், அலகுத் தேர்வு வினாத்தாள்கள், விடைக்குறிப்புகள், மாணவர் விவரப் பட்டியல், கட்டணப் பதிவேடு ஆகிய எல்லாமே கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையில் இருந்தன. கோப்புறையைத் தொடங்கியது அந்த இயற்பியல் ஆசிரியர் (வாசகி அவரைக் குறிப்பிடுவது 'சார்' என்று) தம் சொந்த ஜிமெயில் கணக்கில். வாசகிக்கு அதில் எடிட்டர் (திருத்தும்) அனுமதி இருந்தது. வீட்டில் தயாரித்தவற்றை அவர் தம் கணக்கிலிருந்து அதில் ஏற்றினார். சென்டர் கணினியில் எப்போதும் சாரின் கணக்கே திறந்திருக்கும் என்பதால், அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்தவை அவர் கணக்கிலேயே சேர்ந்தன.

மாணவர் கட்டணம் முழுவதும் சாரின் யுபிஐ எண்ணுக்கே வந்துகொண்டிருந்தது. பொதுத்தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரலில், இரண்டு ஆண்டு வரவு செலவுக் கணக்கை எழுத்தில் தரும்படி வாசகி கேட்டார். அடுத்த வாரமே கோப்புறையில் அவருடைய அனுமதி வியூவர் (பார்க்க மட்டும்) நிலைக்குக் குறைக்கப்பட்டது. அதன்பின் சில நாள்களில், அனுமதி கோரும் பக்கம் ஒன்றைத் தவிர வேறெதுவும் திறக்கவில்லை. எட்டு ஆண்டு உழைப்பு கைவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. நான் உருவாக்கியதை எனக்கே மறைப்பது திருட்டு ஆகாதா? ஆன்லைன் வகுப்புக்காக 2020-இல் சென்டர் பணத்தில் வாங்கிய டேப்லெட் என் வீட்டில் இருக்கிறது, அதில் சாரின் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது, அதிலிருந்து எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொள்ளலாமா? போலீசில் புகார் தரலாமா? ஜூனில் தனியாகச் சென்டர் தொடங்கினால் வினா வங்கியையும் மாணவர் பட்டியலையும் பயன்படுத்தலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாக ஒரு வரி அனுப்பியிருந்தேன்: டேப்லெட்டை அணைத்து வையுங்கள் என்று. அதற்கான காரணத்தையும் மற்ற கேள்விகளுக்கான விடையையும் இப்போது விரிவாக எழுதுகிறேன். உங்கள் தரப்பை மட்டுமே படித்துவிட்டு எழுதும் கருத்து இது என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

உங்கள் கடிதம் முழுவதிலும் ஓர் எண்ணம் இழையோடுகிறது. கோப்புறையைத் திறக்க முடிந்தவரை அது உங்களுடையதாக இருந்தது, திறக்க முடியாமல் போனதும் அது அவருடையதாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். டிரைவின் பகிர்வு அமைப்பு ஒரு கோப்பை யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. எழுதியவர் யார், தொழிலின் சொத்து எது, வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பனவற்றைத் தீர்மானிப்பது சட்டம். அனுமதியை அவர் மாற்றியதால் இந்த உரிமைகள் எதுவும் மாறவில்லை. அதே காரணத்தால், உரிமை உங்களிடம் இருக்கிறது என்பதற்காகத் திறந்து கிடக்கும் அவருடைய கணக்குக்குள் நுழையும் அனுமதியும் உங்களுக்கு வந்துவிடாது. இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

எல்லாம் போய்விடவில்லை

முதலில் ஒரு நல்ல செய்தி. கோப்புறை யாருடையதோ அதற்குள் இருக்கும் எல்லாக் கோப்புகளும் அவருடையவை என்று எழுதியிருக்கிறீர்கள். தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளில் டிரைவ் அப்படி இயங்குவதில்லை. ஒரு கோப்பை எந்தக் கணக்கிலிருந்து உருவாக்கினோமோ, ஏற்றினோமோ, அந்தக் கணக்கே அதன் உரிமையாளர்; அது இன்னொருவரின் கோப்புறைக்குள் இருந்தாலும் நிலைமை மாறாது. அவர் உங்களைக் கோப்புறையிலிருந்து நீக்கினால், கோப்புறை உங்கள் கண்ணில் படாது. ஆனால் நீங்கள் ஏற்றிய கோப்புகள் உங்கள் கணக்கிலேயே இருக்கின்றன. டிரைவின் தேடல் பெட்டியில் உள்ள வடிகட்டியைத் திறந்து, உரிமையாளர் என்ற இடத்தில் 'எனக்குச் சொந்தமானவை' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். வீட்டிலிருந்து ஏற்றியவை பெரும்பாலும் அங்கே வந்து நிற்கும். அவற்றை அவர் தம் கோப்புறையிலிருந்து அகற்ற முடியும்; நிரந்தரமாக அழிக்க முடியாது. அந்த அதிகாரம் உரிமையாளரான உங்களுக்கு மட்டுமே உண்டு.

கிடைத்தவற்றை இன்றே உங்கள் கணினியிலும் ஒரு வெளி வன்தட்டிலும் நகலெடுத்து வையுங்கள். அவசரம் காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோப்புறையின் உரிமையாளர் என்ற வகையில் அவருக்கு அந்தக் கோப்புகளைத் திருத்தும் அனுமதி இன்னும் இருக்கக்கூடும். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் வகைக் கோப்புகளில் யாராவது எதையாவது மாற்றினால், பதிப்பு வரலாற்றைத் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பிடிஎஃப், வேர்டு கோப்புகளில் அந்த வசதி குறைவு. புதிய பதிப்பு ஏறியபின் பழைய பதிப்பு பொதுவாக 30 நாள்களுக்குத்தான் கிடைக்கும்.

நகலெடுங்கள் என்றுதான் சொல்கிறேன். மூலக் கோப்பை அந்த இடத்திலிருந்து நகர்த்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம். டாக்ஸ் கோப்பை நகலெடுத்தால் எழுத்துகள் வரும், பதிப்பு வரலாறு வராது. எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து, எந்த வரி எழுதப்பட்டது என்று காட்டும் அந்த வரலாறுதான் நாளை நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப்போகும் சாட்சி. மூலத்தை அப்படியே விட்டுவைத்து, நகலில் வேலை செய்யுங்கள்.

சென்டர் கணினியில் தட்டச்சு செய்தவற்றின் நிலை சிக்கலானது. அவற்றின் உரிமையாளராக டிரைவ் காட்டுவது சாரின் கணக்கை. பதிப்பு வரலாற்றிலும் அவர் பெயரே வரும். அவற்றை உருவாக்கியவர் நீங்கள் என்பதற்கு வேறு சான்றுகளைத் தேட வேண்டும். கையெழுத்துக் குறிப்பேடுகளை எடுத்து வையுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்களைத் தேடிப் பாருங்கள். மாணவர் குழுவிலும் பல கிடைக்கும். அவை தேதியோடு உங்கள் கைப்பேசியில் இருப்பவை, அவற்றை எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. எட்டு ஆண்டில் கடைக்குப் போன வினாத்தாள்களைத் தொகுத்தாலே வினா வங்கியின் கணிசமான பகுதி மீண்டுவிடும் என்பது என் கணிப்பு.

எழுத்துரிமையைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. வேலை ஒப்பந்தத்தின் கீழ் எழுதினால் முதலாளிக்குப் போகும் என்ற விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது; பங்குதாரர் தம் கூட்டுத் தொழிலுக்கே ஊழியராக முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் நெடுங்காலம் முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழுத்துரிமையை வேறொருவருக்கு மாற்றித் தருவதானால், 19-ஆவது பிரிவின்படி அது கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதித் தரவில்லை. எதிர்த்தரப்பு வைக்கக்கூடிய வாதம் ஒன்றுண்டு. அந்தக் குறிப்புகள் தொழிலுக்காகவே, தொழிலின் செலவில் தயாரானவை, ஆகவே 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி அவை கூட்டுச் சொத்து என்று அவர் சொல்லலாம். அதை அற்பமான வாதமென்று ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அது ஏற்கப்பட்டாலும் அவை இருவருக்குமான சொத்தாகுமே தவிர, அவருக்கு மட்டும் உரியவை ஆகிவிடா. பாடநூலிலிருந்து எடுத்த புக் பேக் கணக்குகள் உங்கள் இருவருக்குமே சொந்தமல்ல. உங்கள் உரிமை நீங்கள் புதிதாக அமைத்த வினாக்களுக்கும், விளக்கங்களுக்கும், தொகுத்த முறைக்கும்தான்.

அந்த டேப்லெட்

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இந்தப் பகுதி. சென்டர் பணத்தில் வாங்கிய கருவி, அதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு, கணக்கைத் திறந்து வைத்தவர் அவரே, கடவுச்சொல்லும் எனக்குத் தெரியும் என்று வரிசையாகக் காரணம் சொல்கிறீர்கள். கருவியில் உங்களுக்குப் பங்கு இருக்கலாம். அதற்குள் திறந்திருக்கும் கணக்கு அவருடையது. பக்கத்து வீட்டுச் சாவியை அவர்களே ஒருகாலத்தில் நம்மிடம் கொடுத்திருந்தாலும், உறவு முறிந்தபின் அதைக் கொண்டு உள்ளே போனால் அத்துமீறல்தான். உங்களை நீக்கியதன் மூலம் அவர் தம் விருப்பமின்மையைத் தெளிவாகவே காட்டிவிட்டார். அதற்குப் பிறகு நுழைந்தால், 'இதுவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை' என்ற விளக்கம் எடுபடாது.

2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, பொறுப்பில் உள்ளவரின் அனுமதியின்றிக் கணினி அமைப்புக்குள் நுழைவதையும், தரவை நகலெடுப்பதையும் பதிவிறக்குவதையும் இழப்பீட்டுக்குரிய செயல்களாக வரையறுக்கிறது. அதே செயலை நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதற்கு 66சி என்ற தனிப் பிரிவே உண்டு. என் குறிப்புகளை நான் எடுத்ததில் நேர்மையின்மை எங்கே என்று நீங்கள் வாதிடலாம், அந்த வாதம் கடைசியில் வெல்லவும் கூடும். ஆனால் அங்கே போய்ச் சேரும் முன்பு நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க வேண்டியிருக்கும். கணக்குக் கேட்ட உங்கள் நியாயம் பின்னால் தள்ளப்பட்டுவிடும்.

இன்னொரு ஆபத்தையும் கவனியுங்கள். அந்த டேப்லெட்டிலிருந்து எதை மாற்றினாலும், டிரைவின் செயல்பாட்டுப் பதிவில் அது சாரின் செயலாகவே பதியும். நாளை கட்டணப் பதிவேட்டில் ஒரு வரி காணாமல் போயிருந்தால், அதை அழித்தது டேப்லெட்டை வைத்திருந்த நீங்கள்தான் என்று அவர் சொல்ல வாய்ப்பளிக்கிறீர்கள். இப்போது தெளிவாக இருக்கும் சாட்சியத்தை நீங்களே கலக்கிவிடுவீர்கள்.

ஒரு முறை திறந்து பார்த்தேன், எதையும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் வழக்கறிஞரிடம் உள்ளபடியே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். கணக்கிலிருந்து வெளியேறுவதற்காகவோ எதையும் அழிப்பதற்காகவோ மறுபடி திறக்கவும் வேண்டாம். கருவி உங்களிடம் இருப்பதைச் சாருக்கு அனுப்பப்போகும் வழக்கறிஞர் நோட்டீசிலேயே குறிப்பிட்டு, கைச்சீட்டு பெற்றுக்கொண்டு ஒப்படைக்கத் தயார் என்று தெரிவியுங்கள்.

அவர் செய்தது குற்றமா

திருட்டு என்ற சொல்லைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறீர்கள். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அசையும் பொருளை ஒருவரின் கைவசத்திலிருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றிய அந்தக் குற்றப் பிரிவு, தம் கணக்கில் உள்ள கோப்புறையின் அனுமதியை ஒருவர் மாற்றியதற்கு எளிதில் பொருந்தாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில், அனுமதி பெற்ற ஒருவருக்கு அணுகலை மறுப்பதைக் குறிக்கும் உட்பிரிவு ஒன்று இருக்கிறது. பலர் அதைச் சுட்டிக்காட்டி உங்களுக்கு நம்பிக்கை தரக்கூடும். அந்தப் பிரிவின் தொடக்கமே 'பொறுப்பில் உள்ளவரின் அனுமதியின்றி' என்பதுதான். கணக்கின் பொறுப்பில் உள்ளவர் நான்தானே என்று அவர் கேட்பார். கோப்புறை தொழிலுக்காக வைத்திருந்தது, அவர் வெறும் காப்பாளர் என்று நாம் சொல்லலாம்; அந்த வாதத்தை வைக்கும் இடம் காவல் நிலையமல்ல. 43-ஆவது பிரிவின்படி ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பு அலுவலராக மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் இருக்கிறார். அது திறந்திருக்கும் வழிதான். ஆயினும் உங்கள் பிரச்சினையின் வேர் கணக்கு வழக்கில் இருப்பதால், அதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். காவல் நிலையத்துக்குப் போனால் இது சிவில் தகராறு என்று சொல்லி அனுப்பவே வாய்ப்பு அதிகம். உங்களுடைய கோப்புகளை அவர் அழித்தாலோ, உங்கள் ஜிமெயில் கணக்குக்குள்ளேயே நுழைந்தாலோ நிலைமை வேறு. அப்போது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் தாமதமின்றிப் புகார் பதியுங்கள்.

உங்கள் உண்மையான பலம் கூட்டாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் நான் வெறும் உதவியாளராகத்தான் கருதப்படுவேனோ என்று அஞ்சுகிறீர்கள். கூட்டாண்மை வாய்மொழியாகவும் உருவாகலாம். இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாட்டோடு இருவரும் சேர்ந்து நடத்திய தொழிலா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். மாதந்தோறும் அவர் கணக்கிலிருந்து உங்களுக்குப் பாதித் தொகை வந்த வங்கிப் பதிவுகள் அதற்கு நேரடிச் சான்று. பங்குதாரர் என்று நிறுவப்பட்டதும், 9-ஆவது பிரிவு அவர் உங்களுக்கு உண்மையான கணக்கையும் முழுத் தகவலையும் தரக் கடமைப்பட்டவர் என்கிறது. 12-ஆவது பிரிவு, தொழிலின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் உரிமை தருகிறது. புத்தகம் காகிதத்தில் இல்லாமல் டிரைவில் இருக்கிறது என்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது. உங்களை நீக்கியதன் மூலம் அவர் மீறியிருப்பது முதன்மையாக இந்தக் கடமையைத்தான். நோட்டீஸ் இதன்மேல்தான் நிற்க வேண்டும்.

ஒரு தடை இருக்கிறது. உங்கள் கூட்டு நிறுவனம் பதிவு செய்யப்படாதது. 69-ஆவது பிரிவின்படி, பதிவில்லாத கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர், ஒப்பந்தத்தாலோ இந்தச் சட்டத்தாலோ கிடைத்த உரிமையை வைத்து மற்றப் பங்குதாரர்மீது வழக்குத் தொடர முடியாது. பதிவு செய்துவிட்டுத் தொடரலாம் என்றால் அதற்கு எல்லாப் பங்குதாரர்களின் கையொப்பமும் வேண்டும், அது இப்போது நடக்காது. ஆனால் அதே பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது: கூட்டு நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கோரவும், அதன் சொத்தை மீட்கவும் வழக்குத் தொடரலாம். ஆகவே, தொழிலில் தொடர்ந்துகொண்டே கோப்புறையை மட்டும் திறந்துவிடச் சொல்லி நீதிமன்றம் போவது கடினம். கலைப்பும் கணக்கும் கோரும் வழக்கில், அதன் பகுதியாக, கோப்புகளைப் பாதுகாக்கவும் அழிக்காதிருக்கவும் இடைக்கால உத்தரவு கேட்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. சாரோடு மீண்டும் சேர்ந்து நடத்த விருப்பமில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், இது உங்கள் எண்ணத்துக்கும் ஒத்தே போகிறது.

பிள்ளைகளின் பட்டியல்

புதிய சென்டருக்கு மாணவர் பட்டியல் வேண்டும் என்று கேட்கிறீர்கள். இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை பெற்றோர் ஒரு சென்டருக்கு, ஒரு நோக்கத்துக்காகத் தந்த தொலைபேசி எண்களும் முகவரிகளும் பிள்ளைகளின் மதிப்பெண்களும். அது கூட்டுத் தொழிலின் சொத்து என்ற அளவிலும், கலைப்புக்குப் பின் கணக்கு முடியும்வரை அதை ஒரு பங்குதாரர் தம் சொந்த நலனுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க மற்றவருக்குக் கூட்டாண்மைச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு உரிமை தருகிறது. கூட்டாண்மை முடியும் முன்பே போட்டியாகச் சென்டர் தொடங்கினால், 16-ஆவது பிரிவின்படி அந்த இலாபத்துக்கே நீங்கள் கணக்குக் காட்ட வேண்டி வரலாம். எனவே வரிசை முக்கியம்: முதலில் கூட்டாண்மைச் சட்டத்தின் 43-ஆவது பிரிவின்படி எழுத்தில் கலைப்பு அறிவிப்பு, அதன்பின் புதிய பெயரில், புதிய இடத்தில் சென்டர். உங்கள் பெயரை அறிந்த பெற்றோர் தாமாகத் தேடி வந்தால் அதை யாரும் தடுக்க முடியாது. அவர்களை அந்தப் பட்டியலைப் பார்த்து அழைப்பதுதான் கூடாது.

மதிப்பெண் பட்டியலின் லிங்க் இன்னும் திறக்கிறது, சார் அதை மூட மறந்துவிட்டார் என்று ஓர் ஆறுதல்போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அச்சத்தையே தந்தது. 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்ற அமைப்பில் இருக்கும் கோப்பைத் திறக்க எந்தக் கணக்கும் தேவையில்லை. பெற்றோர் குழுவில் பகிர்ந்த லிங்க் அங்கிருந்து யாருக்கும் போகலாம். யார் திறந்தார் என்பதும் தனிப்பட்ட ஜிமெயில் கணக்கில் தெரியாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் பெயர், பள்ளி, முகவரி, தாயின் கைப்பேசி எண் ஆகியவை அதில் இருக்கின்றன. அடுத்த பக்கத்தில் சிலரின் ஆதார் நகல்களும் உண்டு என்கிறீர்கள். டியூஷன் சேர்க்கைக்கு ஆதார் நகல் எதற்கு? 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும்போது, பிள்ளைகளின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்குத் தரப்பட்ட விலக்கு தொழிலுக்குக் கிடையாது. சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமும் அல்ல இது. அந்தப் பட்டியலைத் தொகுத்ததில் உங்கள் கையும் இருக்கிறது. அதை உடனே மூடும்படி இன்றே சாருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நோட்டீஸ் வரை தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் உரிமையாளராக உள்ள கோப்புகளில் அப்படித் திறந்து கிடப்பவை இருந்தால், அவற்றை நீங்களே 'வரையறுக்கப்பட்டது' என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

மற்றபடி, உங்கள் கோப்புகளில் அவருக்குள்ள அனுமதியைப் பதிலுக்குப் பறிக்க வேண்டாம். கோடை வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதே குறிப்புகளை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் நியாயம் கேட்டு நிற்பவர் தம் பக்கத்தில் குறையில்லாமல் நிற்பதும் முக்கியம். நகல்கள் பத்திரமாக இருந்தால், அவர் படிக்கும் உரிமை உங்களுக்கு இழப்பல்ல.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

மூடப்பட்ட கோப்புறையின் லிங்கைத் திறந்து, அந்தப் பக்கத்திலேயே உள்ள அனுமதி கோரும் வசதியைப் பயன்படுத்துங்கள். 'பங்குதாரர் என்ற முறையில் கட்டணப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கோருகிறேன்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அவருக்கு மின்னஞ்சலாகப் போய்ச் சேரும். அவர் மறுத்தாலும் பேசாமல் இருந்தாலும் நீங்கள் கேட்டதற்கு ஒரு சான்று உருவாகிறது. இப்படிக் கேட்டால் நம் பலவீனம் தெரிந்துவிடும் என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்காமல் இருந்ததுதான் நாளை பலவீனமாகக் காட்டப்படும்.

திரைப்பிடிப்புகளைத் தேதியும் முகவரிப் பட்டையும் தெரியும்படி முழுத் திரையாக எடுங்கள், வெட்ட வேண்டாம். 2018-இல் கோப்புறையைப் பகிர்ந்தபோது வந்த மின்னஞ்சல் உங்கள் அஞ்சல் பெட்டியில் இருந்தால் அது பொன்னானது. மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாகத் தர, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியை நீங்களும் இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் தர வேண்டும். ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) அதில் இடம்பெறும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், நகலெடுத்த பிரதிகளில் ஒன்றைத் திறந்து திருத்தாமல் தனியே வைத்துவிடுங்கள்.

வழக்கறிஞர் நோட்டீஸ் தாமதமாகக் கூடாது என்பதற்கு டிரைவின் இயக்கமே காரணம். ஒருவர் தம் கோப்பை நீக்கினால் அது 30 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருந்து, பிறகு தானாகவே அழிந்துவிடும். ஏப்ரல் இறுதியில் அவர் எதையாவது நீக்கியிருந்தால் அந்தக் காலம் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே நோட்டீசின் முதல் கோரிக்கை, கோப்புறையில் எதையும் அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்பதாக இருக்கட்டும். கணக்கு, கலைப்பு, உங்கள் குறிப்புகளின் நகல், திறந்து கிடக்கும் பட்டியலை மூடுவது ஆகியவை அதைத் தொடரட்டும். கூகுளுக்கு எழுதினால் தீர்த்துவைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொல்வதே அங்கே செல்லும்.

புதிய சென்டருக்கு ஒரே ஒரு யோசனை. தனிப்பட்ட ஜிமெயில் கணக்கில் ஒரு கோப்புக்கு ஓர் உரிமையாளர்தான் இருக்க முடியும். இருவர் இணைந்து உரிமையாளராக வழியில்லை. இன்னொருவரோடு சேர்ந்து நடத்துவதாக இருந்தால், நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸ் சேவையின் பகிரப்பட்ட டிரைவைப் பயன்படுத்துங்கள். அதில் உள்ள கோப்புகளுக்கு நிறுவனமே உரிமையாளர். ஆனாலும் அதை நிர்வகிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதைக் கூட்டாண்மைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். சார் வரவு செலவுக் கணக்கைத் தரச் சம்மதித்தால் இந்தத் தகராறு அங்கேயே முடியவும் கூடும். போகும்போது வங்கிக் கணக்கின் எட்டு ஆண்டுப் பதிவுகள், ஏப்ரலில் கணக்குக் கேட்ட செய்தி, அனுமதி மாறிய நாள்களின் திரைப்பிடிப்புகள், டிரைவில் உங்கள் பெயரில் இருக்கும் கோப்புகளின் பட்டியல் ஆகிய நான்கையும் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.